எச்ஆர் ஹெட்டுக்கு இஏ வேலைன்னா என்னங்க? புதுசா வர்றவங்களுக்கு ஒரு விளக்கம்

"இஏவா? மீட்டிங் போடுற வேலை, அவ்ளோதானே?" இத எத்தனை பேர் எங்கிட்ட கேட்டிருக்காங்கன்னு கணக்கே இல்ல. சொந்தக்காரங்க கேட்டா சிரிச்சிட்டு விட்டுடலாம், ஆனா அதே கம்பெனில பத்து வருஷம் வேலை பாத்தவங்களே அப்டித்தான் நினைச்சிட்டிருக்காங்க, அதுல பாதி பேருக்கு இது பழைய காலத்து டைப்பிஸ்ட் வேலை, மீதி பாதி பேருக்கு இது ஏதோ அரண்மனை அந்தரங்க காரியதரிசி மாதிரி, இவங்க காதுல போட்டு வச்சா ட்ரான்ஸ்ஃபரே கிடைச்சிடும்னு நெனப்பு. ரெண்டுமே தப்பு. இந்த சீட்ல நான் பல வருஷம் உக்காந்திருக்கேன், அதனால புதுசா வர்றவங்களுக்குப் புரியற மாதிரி அடிலேர்ந்து சொல்லிப் பாக்குறேன்.

முதல்ல வார்த்தை. இஏன்னா எக்ஸிகியூட்டிவ் அசிஸ்டன்ட். ஒரு பெரிய அதிகாரியோட நேரத்தையும் அவங்களுக்கு வர்ற போற தகவலையும் அவங்க சார்பா பாத்துக்கிறவங்க. இந்தக் கட்டுரைல அந்தப் பெரிய அதிகாரி ஒரு எச்ஆர் ஹெட், கம்பெனி பல நாட்டுல ஆபீஸ் வச்சிருக்கிற கம்பெனி.

## கிளினிக் வாசல்ல உக்காந்திருக்கிறவர்

கூட்டம் அலைமோதுற ஒரு டாக்டரோட கிளினிக்க நினைச்சுக்கோங்க. வாசல்ல ஒருத்தர் டோக்கன் குடுத்துட்டு உக்காந்திருப்பார். ஊசி போட மாட்டார், மருந்து எழுத மாட்டார். ஆனா அவர் ஒரு நாள் வரலன்னா டாக்டரோட அன்னிக்கு பொழுதே போச்சு. பதினெட்டாவது டோக்கன் குழந்தைக்கு மூச்சு வாங்குதுன்னு பாத்ததும் முதல்ல உள்ள அனுப்புறது அவர்தான், மருந்துக் கம்பெனி ரெப்ப "கடைசில பாத்துக்கலாம் சார்"னு உக்கார வைக்கிறதும் அவர்தான், ஸ்கேன் ரிப்போர்ட் கவர் எல்லாம் அவர் கை வழியாத்தான் உள்ள போகும், யாருக்கு என்ன பிரச்சனைன்னு பாதி அவருக்குத் தெரியும், ஆனா பெஞ்சுல அடுத்து உக்காந்திருக்கிற ஆளுக்கு அதுல ஒரு வார்த்தை போகாது. நடுவுல யாராவது வந்து "இந்த மாத்திரைய சாப்பாட்டுக்கு முன்னாடியா, அப்புறமா?"ன்னு கேப்பாங்க. விவரமான ஆளா இருந்தா "உள்ள கேட்டு சொல்றேங்க"ன்னுதான் பதில் வரும்.

ஆக நாலு விஷயம் பாக்குறார்: டாக்டரோட நேரம், நோயாளிங்க ரகசியம், உள்ள போற வரிசை, அப்புறம் தன்னோட எல்லை. எச்ஆர் இஏ வேலையும் இந்த நாலுதான். வித்தியாசம் என்னன்னா கிளினிக்குக்கு ஒரே வாசல். குளோபல் கம்பெனில இருபது நாட்டுல இருபது வாசல், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நேரத்துல திறக்கும், ஒவ்வொரு வாசலுக்கும் தனிச் சட்டம்.

## எச்ஆர் ஹெட்டுன்னா யாரு

சிஎச்ஆர்ஓன்னு ஒரு பேரு அடிக்கடி காதுல விழும். சீஃப் ஹியூமன் ரிசோர்சஸ் ஆஃபீசர், கம்பெனில ஆட்கள் சம்பந்தப்பட்ட எல்லாத்துக்கும் மேல இருக்கிறவங்க. சில இடத்துல சீஃப் பீப்பிள் ஆஃபீசர்னு போடுவாங்க, வேலை ஒண்ணுதான். அவங்களுக்குக் கீழ பல பெரிய கம்பெனிங்க எச்ஆர மூணாப் பிரிச்சு வச்சிருக்கும். ஒவ்வொரு பிசினஸ் கூடவும் ஒட்டி உக்காந்திருக்கிற பிசினஸ் பார்ட்னர்ங்க, சம்பளம் ட்ரெய்னிங் மாதிரி ஒரே விஷயத்துல ஊறின நிபுணர் குழுக்கள், லீவ், மாசாமாசம் சம்பளம் போடுற பேரோல் மாதிரி தினசரி வேலைய எல்லா நாட்டுக்கும் சேத்து செய்ற ஷேர்ட் சர்வீஸ். 1990கள்ல டேவ் உல்ரிச்ங்கிற அமெரிக்கப் பேராசிரியர் எழுதினதுலேர்ந்து பரவின அமைப்பு இது. நீங்க இதத் தெரிஞ்சு வச்சுக்க வேண்டியது ஒரே காரணத்துக்கு: ஒரு மெயில் வந்தா அது பாஸுக்குப் போக வேண்டியதா, மூணுல எந்தக் கதவுக்குப் போக வேண்டியதான்னு பத்து செகண்ட்ல தெரியணும். பேரோல்ல தீர வேண்டிய விஷயம் பாஸ் இன்பாக்ஸ்ல ரெண்டு நாள் ஊறினா, அதுல கெட்டது கேட்டவரோட ரெண்டு நாள்.

மேல் பக்கம் பாத்தா போர்டு, அதாவது கம்பெனி டைரக்டர்ங்க குழு இருக்கு. போர்டுல காம்பென்சேஷன் கமிட்டின்னு ஒண்ணு, பெரிய அதிகாரிங்க சம்பளம் போனஸ் எல்லாம் முடிவு பண்ற சின்னக் குழு. அதுக்கான பேப்பர் எல்லாம் எச்ஆர் ஹெட் ஆபீஸ்லேர்ந்துதான் தயாராகும், அந்தத் தேதி நகரவே நகராது, மத்த எல்லாம் அதச் சுத்தித்தான்.

சரி, ஃபைனான்ஸ் ஹெட்டோட இஏவுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? அங்கயும் ரகசியம் உண்டு, ஆனா அது நம்பர். லிஸ்ட் ஆன, அதாவது ஷேர் மார்க்கெட்ல இருக்கிற கம்பெனின்னா ரிசல்ட் வர்ற அன்னிக்கு எப்படியும் ஊருக்கே தெரிஞ்சிடும். எச்ஆர்ல ரகசியம்ங்கிறது ஒரு மனுஷன், அந்த மனுஷன் உங்க பக்கத்து டேபிள்ல உக்காந்து டீ குடிச்சிட்டிருப்பார். எனக்கு நடந்தது இது: ஒருத்தர் வீட்டு லோன் சாங்ஷன் ஆன லெட்டர போன்ல காட்டி, பால்கனி எந்தப் பக்கம் வருது, பிள்ளைக்கு எந்த ரூம்னு ஜூம் பண்ணி ஜூம் பண்ணி சொல்லிட்டிருந்தார். அவர் டீம் அடுத்த காலாண்டுல இருக்காதுங்கிறது எனக்குத் தெரியும், முந்தின நாள் அந்த ஃபைல ப்ரின்ட் எடுத்தது நான்தான். "பாத்துப் பண்ணுங்க"ன்னு ஒரு வார்த்தை வாய் வரைக்கும் வந்துச்சு. அந்த ஒரு வார்த்தைய எச்ஆர் ஹெட்டோட இஏ சொன்னா அது அட்வைஸா போய்ச் சேராது, தகவலாத்தான் போய்ச் சேரும். "நல்லா இருக்குங்க"ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போய்ட்டேன். இந்த வேலைல எது கஷ்டம்னு யாராவது கேட்டா எனக்கு ஞாபகம் வர்றது அந்த பால்கனிதான், நடுராத்திரி போன் கால் எல்லாம் அதுக்கு அப்புறம்.

இதுவரைக்கும் சொன்னது: கிளினிக் ஆளு மாதிரி நாலு வேலை, மேல போர்டு கீழ மூணு கதவு, கையில இருக்கிற ரகசியம் கூட வேலை பாக்குற ஆட்களப் பத்தினது. இனி உள்ள எப்படி நடக்குதுன்னு பாப்போம்.

## காலண்டரே காட்டிக் குடுத்துடும்

டெலிகேட் ஆக்சஸ்னு ஒரு வசதி இருக்கு. பாஸோட மெயிலையும் காலண்டரையும் உங்க லாகின்லேர்ந்தே திறந்து வேலை பாக்குற அனுமதி, பாஸ்வேர்டு வாங்கிக்கிறது கிடையாது. (பாஸ்வேர்டு குடுத்தா வாங்காதீங்க, எவ்ளோ நல்லவங்களா இருந்தாலும்.) இதுல மெயில் அனுப்புறதுக்கு ரெண்டு விதம் உண்டு. ஒண்ணுல மெயில் "இவங்க சார்பா இன்னார்"னு ரெண்டு பேரோட பேரும் போட்டுப் போகும், இன்னொண்ணுல பாஸ் பேர் மட்டும் போகும், நீங்க அடிச்சீங்கன்னு வாங்கினவருக்குத் தெரியவே தெரியாது. உங்களுக்கு எது குடுத்திருக்காங்கன்னு முதல் நாளே ஐடி டீம்ல கேட்டுடுங்க, அனுப்பின பிறகு தெரிஞ்சுக்கிறது நல்லா இருக்காது.

இப்போ காலண்டர். எல்லாரும் இத நேரம் போடுற கட்டம்னு நினைக்கிறாங்க, நான் இத கம்பெனி முழுக்க ஒட்டியிருக்கிற நோட்டீஸ்னு சொல்வேன். சாதாரணமா மத்தவங்களுக்கு பாஸ் பிஸியா ஃப்ரீயாங்கிறது மட்டும்தான் தெரியும், ஆனா நிறைய ஆபீஸ்ல வசதிக்காக தலைப்பும் இடமும் தெரியற மாதிரி திறந்து விட்டிருப்பாங்க. வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணி, அரை மணி நேரம், தலைப்பு வெறும் "கேட்ச்-அப்". பாத்தா ஒண்ணுமில்ல. ஆனா அதுல இருக்கிறது லேபர் லா பாக்குற வக்கீல், ஒரு நாட்டு ஆபீஸோட ஹெட், ஃபைனான்ஸ் ஹெட், பத்திரிகைக்குப் பதில் சொல்ற கம்யூனிகேஷன்ஸ் ஹெட். இந்த நாலு பேரும் சேந்து காபி குடிக்க மாட்டாங்க. அந்த நாட்டு ஆபீஸ்ல யாராவது ஒருத்தர் இதப் பாத்தா போதும், ராத்திரிக்குள்ள "எத்தன பேராம்?"னு மெசேஜ் சுத்தும். தலைப்புல ஒண்ணுமே இல்ல, ஆட்களோட சேர்க்கையே விஷயத்த சொல்லிடுச்சு.

அதனால பழகின இஏங்க தலைப்ப மட்டும் மறைக்கிறதோட விட மாட்டாங்க. அந்த நாலு பேர ஒரே இன்வைட்ல போடாம பாஸ் காலண்டர்ல வெறும் பிளாக் ஒண்ணு போட்டுட்டு லிங்க தனித்தனியா அனுப்புறது உண்டு. அவுட்லுக்ல ப்ரைவேட்னு ஒரு பட்டன் இருக்கு, அத அமுக்கினா பூட்டு போட்ட மாதிரின்னு நிறைய பேர் நம்புறாங்க. அது திரைச்சீலைதான், பூட்டு இல்ல, காலண்டர படிக்கிற அனுமதி இருக்கிறவங்ககிட்டேர்ந்து மறைக்க இத மட்டும் நம்பாதீங்கன்னு மைக்ரோசாஃப்ட்டே சொல்லுது. யார் யாருக்கு அனுமதி இருக்குன்னு லிஸ்ட் எடுத்துப் பாருங்க. முன்னாடி இருந்த இஏ, ரெண்டு வருஷம் முன்னாடி ப்ராஜெக்ட்டுக்கு வந்த கன்சல்டன்ட், எல்லார் பேரும் அதுல தூங்கிட்டு இருக்கும்.

அப்புறம் பரபரப்பான கோட் நேம் வைக்காதீங்க. "ஆபரேஷன் ஈகிள்"னு வச்சா பாக்காதவன் கூட எட்டிப் பாப்பான். "பட்ஜெட் ரிவ்யூ 2"ன்னு வச்சா பக்கத்துல கூட வர மாட்டான்.

நான் சொதப்பினதையும் சொல்லிடுறேன். காலண்டர்ல எல்லாம் பக்காவா மறைச்சுட்டேன், மீட்டிங் ரூம் கதவுல ஒரு குட்டி ஸ்க்ரீன் இருக்கும்ல, அது அந்த ஆபீஸ்ல தலைப்ப அப்படியே காட்டுற மாதிரி செட் பண்ணியிருந்தாங்க, எனக்குத் தெரியாது. "நோட்டீஸ் பீரியட்"னு அவசரத்துல அடிச்ச ரெண்டு வார்த்தை பச்சை எழுத்துல காரிடார்ல போற வர்றவங்களுக்கு நாப்பது நிமிஷம் ஓடிட்டிருந்துச்சு. பாஸ் வெளில வந்து அதப் பாத்தாங்க, என்னப் பாத்தாங்க, "தலைப்ப மாத்திடுங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. திட்டியிருந்தா பரவால்லன்னு தோணுச்சு.

## நேரம்: கடிகாரத்தத் தொடாமலே மாறுற மீட்டிங்

டைம் ஜோன்னா எல்லாரும் கூட்டல் கழித்தல்னு நினைக்கிறாங்க. கணக்கு கஷ்டமில்ல, அது வருஷத்துல பல தடவ மாறுறதுதான் கஷ்டம். கோடைல கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்ன தள்ளி வச்சுக்கிற வழக்கம் சில நாட்டுல உண்டு, டே லைட் சேவிங்னு சொல்வாங்க. அமெரிக்கா மார்ச் ரெண்டாவது ஞாயிறு மாத்தும், ஐரோப்பா மார்ச் கடைசி ஞாயிறுதான் மாத்தும். நடுவுல ரெண்டு மூணு வாரம் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் வித்தியாசம் அஞ்சு மணி நேரத்துக்கு பதிலா நாலு. திரும்பப் போகும்போது ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு, மறுபடி ஒரு வாரம் குழப்பம். ஆஸ்திரேலியால சிட்னி நேர் எதிர்ப் பருவம்ங்கிறதால அக்டோபர்ல முன்ன தள்ளி ஏப்ரல்ல பின்ன வைக்கும். சிங்கப்பூர் மாத்துறதே இல்ல.

நியூயார்க் காலைல எட்டு மணின்னு வாராவாரம் ஒரு மீட்டிங் போட்டிருக்கீங்கன்னு வச்சுக்கோங்க. ஜனவரில அது லண்டன்ல மதியம் ஒரு மணி, சிங்கப்பூர்ல ராத்திரி ஒன்பது, சிட்னில நடுராத்திரி பன்னண்டு. அதே மீட்டிங் ஜூலைல லண்டன்ல அதே ஒரு மணி, சிங்கப்பூர்ல எட்டு, சிட்னில பத்து. நீங்க ஒண்ணுமே பண்ணல, சிட்னிக்காரருக்கு ரெண்டு மணி நேரம் நகந்துடுச்சு. தொடர் மீட்டிங் எப்பவும் எந்த டைம் ஜோன்ல போட்டீங்களோ அத ஒட்டித்தான் நிக்கும், அதனால யார் நேரத்துல கட்டி வைக்கிறோம்ங்கிறது ஒரு முடிவு, தற்செயலா நடக்க விடாதீங்க.

என் கருத்து ஒண்ணு சொல்லிடுறேன், எல்லாரும் ஒத்துக்க மாட்டாங்க. ஹெட் ஆபீஸ் வசதிக்கு வருஷம் பூரா ஒரே ஊர்க்காரங்கள ராத்திரில உக்கார வைக்கிறது, அதுவும் எச்ஆர் டீமே அதப் பண்றது, அசிங்கம். ஒரு மாசம் நாம, ஒரு மாசம் அவங்கன்னு மாத்தி மாத்திப் போடணும். பாஸ்கிட்ட இத முதல்ல எடுத்துச் சொன்னப்போ "யாரும் கம்ப்ளெயின்ட் பண்ணலயே"ன்னாங்க. எச்ஆர் ஹெட்டுகிட்ட யாருங்க போய் கம்ப்ளெயின்ட் பண்ணுவா?

வேகமா இன்னும் மூணு: சவுதி அரேபியால வார லீவு வெள்ளி சனி, ஆனா ஐக்கிய அரபு அமீரகம் 2022 ஜனவரிலேர்ந்து சனி ஞாயிறுக்கு மாறிடுச்சு, அதனால "கல்ஃப்னா வெள்ளிக்கிழமை லீவு"ங்கிற பழைய மனப்பாடம் உதவாது. தேதிய 04/05ன்னு எழுதாதீங்க, அமெரிக்கருக்கு அது ஏப்ரல் அஞ்சு, லண்டன்காரருக்கு மே நாலு, மாசத்த எழுத்துல எழுதுங்க. பிளைட் டிக்கெட்ல பாஸ்போர்ட்ல இருக்கிற பேர அப்படியே போடுங்க, ஆபீஸ்ல கூப்பிடுற பேர் வேண்டாம்.

## ரகசியம் ரெண்டு வகை

மொத வகை தனிநபர் தகவல். சம்பளம், உடம்பு நிலை, ஒருத்தர் மேல வந்திருக்கிற புகார், இதெல்லாம் அந்தந்த மனுஷனுக்குச் சொந்தம். ஐரோப்பால இதுக்கு ஜிடிபிஆர்னு ஒரு சட்டம், 2018 மே 25லேர்ந்து அமல்ல இருக்கு. தகவல் கசிஞ்சு ஆட்களுக்கு பாதிப்பு வர வாய்ப்பு இருந்தா, தெரிய வந்த 72 மணி நேரத்துக்குள்ள கம்பெனி கண்காணிப்பு அமைப்புக்குச் சொல்லணும். வெள்ளி சாயங்காலம் தப்பான ஆளுக்கு ஃபைல் போனா சனி ஞாயிறும் அந்த 72ல சேத்திதான், அதனால "திங்கக்கிழமை பாத்துக்கலாம்"னு மூடி வைக்கிறது நல்லதுக்கில்ல, உடனே கம்பெனி ப்ரைவசி டீமுக்கு சொல்லிடணும்.

அதே சட்டத்துல இன்னொண்ணு இருக்கு, புதுசா வர்ற இஏங்களுக்கு இது யாரும் சொல்றதில்ல. ஒரு ஊழியர் "என்னப் பத்தி நீங்க வச்சிருக்கிற தகவல் எல்லாம் குடுங்க"ன்னு கேக்கலாம், பொதுவா ஒரு மாசத்துக்குள்ள குடுக்கணும். அந்தத் தகவல்ல மெயிலும் வரும். நீங்க பாஸுக்கு "அந்த ஆள் மறுபடி வந்து நிக்கிறார், தலைவலி"ன்னு ஒரு வரி விளையாட்டா அடிச்சிருந்தா அதுவும் அவர் கைக்குப் போக வாய்ப்பிருக்கு. நான் இப்பவும் ஒருத்தரப் பத்தி எழுதினா, அவர் பின்னாடி நின்னு படிக்கிற மாதிரி நினைச்சுக்கிட்டுத்தான் எழுதுவேன்.

கசிவு பெரும்பாலும் ஹேக்கரால வர்றதில்ல, எக்செல்லால வருது. 2023 ஆகஸ்ட்ல வட அயர்லாந்து போலீஸ்ல நடந்தது ஒண்ணு போதும். எந்த ரேங்க்ல எத்தனை பேருன்னு தகவல் உரிமைல ஒருத்தர் கேட்டாரு, வெறும் எண்ணிக்கை. பதிலா போன எக்செல்ல மறைஞ்சிருந்த ஒரு ஷீட்ல 9,483 பேரோட குடும்பப் பேர், இனிஷியல், ரேங்க், எங்க வேலை பாக்குறாங்க எல்லாம் இருந்துச்சு, போலீஸ்காரங்க தங்களோட வேலையவே அக்கம்பக்கத்துக்குச் சொல்லாம வாழ்ற ஊர் அது. அப்புறம் அபராதம் 7,50,000 பவுண்டு. அந்த ஷீட் எச்ஆர் டேட்டாதாங்க. நம்ம ஆபீஸ்ல இதோட தம்பி ஒருத்தன் இருக்கான்: பிவட் டேபிள். சம்பள டேட்டாலேர்ந்து அழகா ஒரு சின்னக் கட்டம் போட்டு, ஒர்க்புக்கோட சேத்து பவர்பாயின்ட்ல ஒட்டுவாங்க, அத டபுள் கிளிக் பண்ணா பின்னாடி இருக்கிற அத்தனை பேரோட சம்பளமும் விரியும். பாஸுக்கு வர்ற எந்த பிரசன்டேஷனும் வெளில போறதுக்கு முன்னாடி ஒவ்வொரு டேபிளையும் கிளிக் பண்ணிப் பாருங்க, படமா ஒட்டுங்க. தானா மீட்டிங்ல நுழைஞ்சு எல்லாத்தையும் எழுதி, முடிஞ்சதும் இன்வைட்ல இருக்கிற எல்லாருக்கும் அனுப்புற ஏஐ நோட் டேக்கருங்களும் இப்போ வந்தாச்சு, புகார் விசாரணை மீட்டிங்ல அது உக்காந்திருக்கான்னு முதல்ல பாக்குறது இப்போ இஏ வேலைதான்.

ரெண்டாவது வகை மார்க்கெட் ரகசியம். லிஸ்ட் ஆன கம்பெனில சிஇஓ போகப் போறார்னா எச்ஆர் ஹெட்டுக்குத் தெரியும், அவங்க காலண்டர் பாக்குற உங்களுக்கும் தெரியும். ஷேர் விலைய அசைக்கக்கூடிய, இன்னும் வெளில வராத தகவல், இதத்தான் உள் தகவல்னு சொல்றோம். இத வச்சு ஷேர் வாங்கினாலோ வித்தாலோ, வீட்டுல சொல்லி அவங்க வித்தாலோ, அது குற்றம். ஐரோப்பால 2016லேர்ந்து நடப்புல இருக்கிற சந்தை முறைகேடு விதிப்படி, உள் தகவல் தெரிஞ்சவங்க லிஸ்ட் ஒண்ணு கம்பெனி வச்சிருக்கணும், அதுல டைரக்டருக்குப் பக்கத்துல இஏ பேரும் இருக்கும். "நான் வெறும் அசிஸ்டன்ட்"னு சொல்லித் தப்பிக்க முடியாது.

சுருக்கமா: ஒண்ணு ஆளோட ரகசியம், ஒண்ணு சந்தையோட ரகசியம். ரெண்டும் சட்டத்துல தனித்தனி, உங்க டேபிள்ல ஒரே ஃபோல்டர்.

## வரிசை: யாருக்கு முதல்ல தெரியணும்

ஒரு பெரிய மாற்றம் வருது, பல நாட்டுல ஆள் குறைக்கப் போறாங்கன்னு வச்சுக்கோங்க. வெளில இருந்து பாத்தா எச்ஆர் ஹெட் ஒரு மெயில் அனுப்புறாங்க, அவ்ளோதான். உள்ள பாத்தா அந்த மெயிலுக்கு முன்னாடி ஒரு நீளமான ஓட்ட அட்டவணை இருக்கும், எந்த நிமிஷம் யார் யாருக்குச் சொல்லணும்னு, ரன் ஷீட்னு சொல்வோம். அத நிமிஷத்துக்கு நிமிஷம் பாத்துக்கிறது இஏ.

ஏன் வரிசை இவ்ளோ முக்கியம்? ஜெர்மனில ஒர்க்ஸ் கவுன்சில்னு ஒண்ணு உண்டு, ஊழியர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற குழு. அது இருக்கிற கம்பெனில யாரையாவது வேலைலேர்ந்து எடுக்கிறதுக்கு முன்னாடி அந்தக் குழுகிட்ட கருத்து கேக்கணும், கேக்காம எடுத்தா அந்த நீக்கமே செல்லாது. அமெரிக்கால 1988ல வந்த வார்ன் சட்டப்படி, பொதுவா 100 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற கம்பெனி பெரிய அளவுல ஆள் குறைச்சா 60 நாள் முன்னாடி எழுத்துல சொல்லணும். இதெல்லாம் முடிவு பண்றது வக்கீலும் பாஸும்தான், உங்க வேலை சட்டம் பேசுறது இல்ல, ஆனா ஜெர்மனி மீட்டிங் செவ்வாய்லேர்ந்து வியாழனுக்குத் தள்ளிப் போச்சுன்னா புதன்கிழமை போக வேண்டிய மெயில நிறுத்தச் சொல்லி முதல்ல போன் அடிக்க வேண்டிய ஆள் நீங்க. அந்த மீட்டிங் சும்மா இன்னொரு மீட்டிங் மாதிரிதான் காலண்டர்ல தெரியும், பின்னாடி என்ன தொங்குதுன்னு தெரிஞ்சவங்களுக்குத்தான் அது வேற.

நல்ல எண்ணத்துல வர்ற ஒரு பொறியும் இருக்கு. "எல்லா ஊர்லயும் அவங்கவங்க நேரம் காலைல ஒன்பது மணிக்கு மெயில் போகட்டும்"னு யாராவது சொல்வாங்க, கேக்க மரியாதையா இருக்கும். ஜனவரில சிட்னி ஒன்பது மணிக்கும் நியூயார்க் ஒன்பது மணிக்கும் நடுவுல 16 மணி நேரம். சிட்னில ஒருத்தர் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து நியூயார்க் நண்பருக்கு அனுப்ப ஒரு நிமிஷம் போதும், அங்க அப்போ முந்தின நாள் சாயங்காலம், அவர் மேனேஜருக்கே இன்னும் விஷயம் தெரியாது. அதனால இந்த மாதிரி செய்தி எல்லாருக்கும் ஒரே நொடில போகணும், யாருக்காவது நடுராத்திரியா இருந்தாலும்.

## கடன் வாங்கின குரல்

இது கொஞ்சம் நுணுக்கமானது. நீங்க ஒரு மெயில் போட்டா படிக்கிறவங்க காதுல பாஸ் குரல்தான் கேக்கும். நான் ஒரு தடவ ஒரு நாட்டு டீமுக்கு "உங்ககிட்ட இப்போ மொத்தம் எத்தனை பேர் இருக்காங்க?"ன்னு சாதாரணமா கேட்டேன், எல்லாரையும் கூட்டி வச்சுப் பேசுற டவுன்ஹால் மீட்டிங்குக்கு ஹால் எவ்ளோ பெருசு வேணும்னு பாக்குறதுக்கு. அடுத்த நாள் வந்தது ஒரு முழு பிரசன்டேஷன், டிபார்ட்மென்ட் வாரியா, செலவு வாரியா, எதுக்கு ஒவ்வொருத்தரும் தேவைன்னு நியாயப்படுத்தி. பாவம், ராத்திரி முழுக்க உக்காந்து பண்ணியிருக்காங்க, ஆள் குறைக்கத்தான் கணக்கு கேக்குறாங்கன்னு பயந்துட்டாங்க. அதுலேர்ந்து எதுக்குக் கேக்குறேன், எவ்ளோ போதும், யார் கேக்குறா, பாஸா நானா, இந்த மூணையும் முதல் வரிலயே எழுதிடுவேன்.

இதோட மறுபக்கம்தான் உங்ககிட்ட வந்து அழுறவங்க. மேனேஜர் தொல்லை, சம்பளத்துல அநியாயம், சில சமயம் அதவிட மோசமானது. உங்க டேபிள் எச்ஆர் ஹெட் ரூமுக்கு வெளில இருக்கிறதால இங்க சொன்னா அங்க சொன்ன மாதிரின்னு நினைச்சு வருவாங்க. மனசு இளகும், "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு வாய் வரும், அதச் சொல்லாதீங்க. சில விஷயத்த காதுல வாங்கின பிறகு உரிய இடத்துக்குக் கொண்டு போகாம இருக்க முடியாது, அப்போ உங்க வாக்கு பொய்யாப் போய்டும். தண்ணி குடுங்க, உக்கார வைங்க, பேச்ச அவசரப்படுத்தாதீங்க, அப்புறம் எந்தப் புகார் வழில போகணும்னு காட்டுங்க, கூடவே போய் கதவத் தட்டி விடுறது கூட தப்பில்ல. விசாரணை உங்க வேலை இல்ல. மாத்திரை முன்னாடியா பின்னாடியான்னு கேட்டவருக்கு அந்த கிளினிக் ஆள் சொன்ன பதில்தான் இங்கயும்.

## லீவு போறதுக்கு முன்னாடி

கடைசியா நடைமுறை விஷயம் ஒண்ணு, ஏன்னா புது ஆளுங்க மாட்டிக்கிறது இங்கதான். ரெண்டு வாரம் லீவு போறீங்க, இன்னொரு இஏ உங்க இடத்துல உக்காருவாங்க. அவங்களுக்கு பாஸ் காலண்டர மொத்தமா திறந்து விட்டுட்டுப் போறதுதான் சுலபம், நிறைய பேர் அதத்தான் பண்றாங்க. ஆனா அவங்க வழக்கமா இஏவா இருக்கிறது சேல்ஸ் ஹெட்டுக்கு, அந்த சேல்ஸ் ஹெட் பேரே அடுத்த மாசம் உங்க பாஸோட ஒரு மீட்டிங்ல இருக்கு, அவருக்கே தெரியாம. போறதுக்கு முந்தின நாள் உக்காந்து, அந்த ரெண்டு வாரத்த மட்டும் இல்ல, அதுக்கு அப்புறம் வர்ற மூணு மாசத்தையும் ஒரு தடவ அந்த ஆள் கண்ணால படிச்சுப் பாருங்க. எந்த வரிலயாவது உங்க கை தானா நின்னுச்சுன்னா அந்த என்ட்ரிய பாஸோட தனி நோட்டுக்கு மாத்திட்டு, காலண்டர்ல வெறும் பிளாக்க மட்டும் விட்டுட்டுக் கிளம்புங்க.